சுகந்தி அக்காவின் முதல் மரை

சிட்னி விமான நிலையத்தில் உணவுப் பொருட்களைச் சோதிக்கும் அதிகாரி என் பெட்டியிலிருந்த புழுக்கொடியலை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். விறகுச் சிராய் போன்ற ஒன்றை ஒரு பெண் இத்தனை தூரம் ஏன் சுமந்து வருகிறாள் என்ற கேள்வி அவர் முகத்தில் தெரிந்தது. "பனங்கிழங்கு. அவித்துக் காயவைத்தது. சாப்பிடுவது" என்றேன். "இதையா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பி வைத்தார்.

பழனி மலையடிவாரக் கிராமங்களில் இயங்கும் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். காட்டு விலங்குகளால் பயிர் இழந்தவர்களுக்கு இழப்பீட்டு மனு எழுதுவதும், கண்ணி வைக்க வேண்டாம் என்று அவர்களைக் கெஞ்சுவதும்தான் என் பணி. அது தொடர்பான இரண்டு வாரப் பயிற்சிக்காகவே சிட்னிக்குப் போனேன். புழுக்கொடியலும் பனங்கட்டியும் என்னோடு வேலை செய்யும் வதனி, மெல்பனில் இருக்கும் தன் அக்கா சுகந்திக்குக் கொடுத்துவிட்டவை. வன்னியில் பிறந்த சகோதரிகளில் தங்கை திருமணமாகித் திண்டுக்கல்லுக்கும், அக்கா ஆஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்தவர்கள்.

முதல் வாரம் சிட்னியின் புறநகரான பென்டில் ஹில்லில் என் சித்தப்பா மகன் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கே ஒரு மாலை சுகந்தி அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"வெள்ளி உமக்கு வகுப்பில்லைத்தானே, வியாழன் பின்னேரம் வாரும். வெள்ளி மத்தியானம் நான் காட்டுக்குப் போறன். விருப்பமெண்டால் என்னோட வாரும். இல்லாட்டி ஜெயனோட இருந்து டீவி பாரும்."

"காட்டுக்கு எதுக்கு அக்கா?"

"மரை சுட."

ஈழத்தில் மரை என்பதைத்தான் நாங்கள் கடமான் என்கிறோம். எங்கள் மலையில் அவரைப் பந்தலையும் பீன்ஸ் பாத்தியையும் இரவோடு இரவாக மேய்ந்துவிட்டுப் போகும் அதே விலங்கு. அதற்குக் கண்ணி வைத்த ஒருவர் சிறைக்குப் போனதும், அவர் மனைவி மூன்று நாட்கள் எங்கள் அலுவலகப் படியில் வந்து உட்கார்ந்திருந்ததும் எனக்கு மறக்காது. வேட்டைக்காகவென்று ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேற்றிக் கொண்டுவந்து விடப்பட்ட கடமான், மெல்பனுக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பெருகி, இளமரங்களின் பட்டையை உரித்தும் சதுப்புகளை உழக்கியும் தொல்லையாகிவிட்டது என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். உரிமம் பெற்றவர்கள் அதைச் சுடலாம். சட்டம் புரிந்தது. ஊரில் என்னை நம்பிக் கண்ணியைக் கழற்றியவர்களிடம் இதை எப்படிச் சொல்வேன் என்பதுதான் புரியவில்லை. பார்க்காமல் கருத்துச் சொல்வதைவிடப் பார்த்துவிட்டுத் தடுமாறுவது நேர்மையானது என்று முடிவு செய்தேன்.

வியாழன் மாலை மெல்பன் வீட்டில் கதவைத் திறந்தவர் அக்காவின் கணவர் ஜெயன் அண்ணா. பனங்கட்டியை முகர்ந்து பார்த்துக்கொண்டே சமையலறைக்குள் போனார். சுகந்தி அக்கா ஒல்லியான, வேகமான பெண். மருத்துவமனையில் அறுவைக்கூடத் தாதி. சமைப்பது முழுக்க ஜெயன் அண்ணாவின் பொறுப்பு.

"ரெண்டு வரியமா இவ காட்டுக்குப் போறா. இதுவரைக்கும் கொண்டுவந்தது காலில ஒட்டின அட்டையும் தடிமன் காய்ச்சலும்தான்" என்றார், இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டே.

"அட்டை உங்களுக்கெண்டுதான் கொண்டுவந்தனான்" என்றார் அக்கா.

சிரித்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினார். "போன வரியம் ஒண்டைச் சுட்டனான். பெரிய ஆண் மரை. வெடி எங்கேயோ பட்டிட்டுது, விழேல்ல. ரெண்டு நாள் தேடினனான். கிடைக்கேல்ல. எங்க ஒப்பரேசன் தியேட்டரில வயித்தைத் தைக்க முன்னம் ரெண்டு பேர் சேர்ந்து எல்லாத்தையும் எண்ணுவம். பஞ்சு, ஊசி, கத்தரிக்கோல், எல்லாம். ஒண்டு குறைஞ்சாலும் ஒருத்தரும் அறையை விட்டு வெளிய போகேலாது. நான் அண்டைக்குக் குறைஞ்ச கணக்கோட வெளிய வந்தனான். இந்தமுறையும் அப்பிடி நடந்தால் துவக்கை விக்கிறன்."

"விளம்பரம்கூட எழுதி வச்சிருக்கிறா" என்றார் ஜெயன் அண்ணா, துப்பாக்கிப் பெட்டியைக் காட்டி. அதில் கேலி இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். அக்கா ஒரு கணம் தயங்கி, "சாமி பேருக்கே செய்யுங்கோ" என்றார். விபூதியும் எஞ்சிய கற்பூரமும் இருந்த பொட்டலத்தை மடித்து, அணிந்திருந்த பச்சைக் காட்டுச் சட்டையின் பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சட்டையோடு கோயிலுக்கு வந்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

நான்கு மணி நேரப் பயணம். மலை தொடங்கும் சிற்றூரில் ஒரு பேக்கரியில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். பக்கத்து மேசையில் இருந்த இரண்டு முதியவர்கள் எங்கள் நெற்றிகளைப் பார்த்தார்கள். பிறகு அக்காவின் சட்டையைப் பார்த்தார்கள்.

"வழி தவறி வந்திருப்பார்கள்" என்றார் ஒருவர், நாங்கள் கேட்கும்படியாகவே.

"இல்லை. அந்தச் சிறிய பெண்ணைப் போன வருடமும் பார்த்தேன். எதையோ தொலைத்துவிட்டு இரண்டு நாள் தேடினாள்."

அக்கா தேநீரை முடிக்காமலே எழுந்தார்.

மலைச்சாலையின் இருபுறமும் தைல மரங்கள். அவற்றின் அடியில் மஞ்சள் மஞ்சளாய் வாட்டில் மரங்கள் பூத்திருந்தன. இந்த இரண்டு மரங்களும் எங்கள் கொடைக்கானல் மலையின் புல்வெளியைத் தின்றவை. அவற்றை வேரோடு பிடுங்க நானே ஆள் திரட்டியிருக்கிறேன். இங்கே அவை சொந்த மண்ணில், எவருக்கும் பாரமில்லாமல் நின்றன. எங்கள் மலையில் இவர்களுடைய மரம், இவர்களுடைய மலையில் எங்கள் மான். இரண்டையும் இடம் மாற்றி வைத்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அன்றிரவு வாடகைக்கு எடுத்த மரக்குடிலில், குளிருக்கு மூன்று போர்வையும் போதாமல் படுத்திருந்தேன்.

சனிக்கிழமை விடியும் முன்பே நடந்தோம். இந்த வேட்டையில் ஓட்டமோ துரத்தலோ கிடையாது. பத்து அடி வைத்துவிட்டு ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். காற்று எப்போதும் நம் முகத்தில் அடிக்க வேண்டும். நம் வாடை மானுக்குப் போய்விட்டால் அன்றைய வேலை முடிந்தது. காற்றின் திசையறிய அக்கா ஒரு சிட்டிகை விபூதியை எடுத்து ஊதிப் பார்த்தார். வெண்துகள் எங்கள் பக்கமே வந்தது. திருப்தியோடு தலையசைத்தார்.

பன்னம் என்னும் பெரணிச் செடிகளுக்கு அப்பால் ஒரு பழுப்பு முதுகு தெரிந்தது. அக்கா குந்தினார். அந்த நேரம் பார்த்து மலைக்காற்று சுழன்றடித்து எங்கள் பிடரியைத் தொட்டது. அடுத்த நொடி, பித்தளைக் குழலை ஒருமுறை ஊதினாற்போல் அந்த எச்சரிக்கைக் குரல். எங்கள் ஊரில் புலியைக் கண்டால் கடமான் எழுப்பும் குரல் அது. முதுகு மறைந்தது. ஓட்டத்தில் சுள்ளிகள் முறியும் ஓசை அடங்க வெகு நேரமாயிற்று.

"காற்று திரும்பினது ஒரு கணம்தானே? இவ்வளவு தூரத்தில எப்பிடி..." என்று தொடங்கிய அக்கா, தன் சட்டைப் பையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கற்பூரம் அவர் சட்டை முழுவதும் ஏறியிருந்தது.

"கோயிலையே சட்டைப் பையில வச்சுக்கொண்டு வந்திருக்கிறன்" என்றார்.

எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. "என் தலையில தேங்காய் எண்ணெய் வேற இருக்கு அக்கா."

"அப்ப அது எங்களைப் பாத்து ஓடேல்ல. பூசை முடிஞ்சுதெண்டு போயிருக்கு."

குடிலுக்குத் திரும்பி, சட்டையை ஓடை நீரில் வெறுமனே அலசி அடுப்பருகே காயப்போட்டோம். பனி போன்ற நீரில் நான் தலையை முக்கி எண்ணெயைப் போக்கினேன். விபூதிக்குப் பதிலாக அடுப்புச் சாம்பலை ஒரு சிறு புட்டியில் நிரப்பிக்கொண்டார் அக்கா. ஜெயன் அண்ணா கட்டிக் கொடுத்த வெங்காயச் சம்பலை இருவரும் தொடவில்லை. வெறும் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டோம்.

மதியம் வேறொரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தார். பாதி வழியில் கார்ப்பாதையின் குறுக்கே ஒரு பெருமரம் விழுந்து கிடந்தது. சுற்றிப் போக வழியில்லை. மூன்று கிலோமீட்டர் நடந்தோம். நாங்கள் நினைத்த சரிவை அடைந்தபோது மணி மூன்றரை. ஐந்தரைக்கு மேல் இருட்டிவிடும். "நாலு மணிக்குப் பிறகு சுடமாட்டன்" என்று அக்கா மெல்லச் சொன்னார். "தேட வெளிச்சம் வேணும்."

ஊதிய சாம்பல் எங்கள் முகத்தை நோக்கி வந்தது. மேலும் இருபது அடி போயிருப்போம். எதிர்ச் சரிவில் ஒரு பெண் கடமான் பன்னங்களை விட்டு வெளியே வந்து நின்றது.

அக்கா முதுகுப் பையைத் தரையில் வைத்து, அதன் மேல் துப்பாக்கியைச் சாய்த்துக் குப்புறப் படுத்தார். நான் அவருக்குப் பின்னால், ஈர மண்ணில் கன்னம் பதிய. மான் நேர் முகமாக எங்களைப் பார்த்து நின்றது. அப்படி நிற்கும்போது சுட்டால் எங்கே படும் என்று சொல்ல முடியாது. அக்கா சுடவில்லை. ஒரு அட்டை என் மணிக்கட்டில் ஏறுவதை உணர்ந்தும் கையை அசைக்கவில்லை. அவர் பொறுமையாக மூச்சை விடுவது கேட்டது. மணி நான்காக எத்தனை நிமிடம் இருக்கிறதென்று தெரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கத் திரும்பினால் போதும், எல்லாம் கெட்டுவிடும். அது திரும்பாமலே போய்விடட்டும் என்று மனத்தின் ஒரு பாதி வேண்டியது. போய்விட்டால் அக்காவுக்கு என்னவாகும் என்று மறுபாதி கேட்டது.

எங்கோ மேலே அந்தக் குழலோசை ஒருமுறை எழுந்தது. வேறொரு மான். பெண் கடமான் தலையை அந்தப் பக்கம் திருப்பி, உடலையும் திருப்பியது. துப்பாக்கி வெடித்தது.

காது அடைத்துப் போயிற்று. நான் தலை தூக்கியபோது மான் விழுந்திருக்கவில்லை. முதுகை ஒருமுறை வளைத்து, சரிவில் பாய்ந்து மறைந்தது.

அக்கா எழவில்லை. துப்பாக்கியைக் காலி செய்தார். "இருபது நிமிசம். உடன போனால் பயத்தில இன்னும் ஓடும். இரும்." அவர் குரல் இயல்பாகவே இருந்தது. எழுந்து உட்கார்ந்து, கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். சரிவில் நிழல் ஏறிக்கொண்டிருந்தது.

மான் நின்ற இடத்தில் குளம்புகள் கிழித்த மண் இருந்தது. இரத்தம் இல்லை, மயிர்கூட இல்லை. அக்கா முழங்காலில் நின்று ஒவ்வொரு இலையாகத் திருப்பினார். மேலும் கீழுமாக மூன்று தடங்கள் பிரிந்தன. எல்லாமே புதியவை போலிருந்தன.

"போன வரியமும் இப்பிடித்தான்" என்றார். "இப்பிடியேதான் இருந்தது."

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. எங்கள் மலையில் விலங்குக் கணக்கெடுப்புக்காக வனக்காவலர்களோடு நடந்த மாதங்களில் அறிந்தது: துரத்தப்பட்ட கடமான் மேலே ஏறாது, தண்ணீரை நோக்கி இறங்கும். செந்நாய் துரத்தியவை அப்படி ஓடையில் இறங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைக் காப்பதற்காகக் கற்றதை, சுடப்பட்ட ஒன்றைப் பிடிக்கச் சொல்லித்தருவதா? அதிக நேரம் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. அது எங்கோ உயிரோடு மூச்சிழுத்துக்கொண்டு கிடந்தால், என் கொள்கை அதற்கு ஒரு பயனும் தராது.

"கீழே போலாம் அக்கா. தண்ணி எந்தப் பக்கம்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபேச்சின்றி இறங்கினார்.

முப்பது அடியில் ஒரு பன்ன இலையின் அடிப்பக்கம் ஒரு துளி. அக்கா அதை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தார். இளஞ்சிவப்பு, நுரையோடு. "நுரையீரல்" என்றார். அது அறுவைக்கூடத்தின் குரல். அடுத்த துளி பத்து அடிக்கு அப்பால். அடுத்தது ஒரு கல்லின் மீது கை அகலத்துக்கு. அக்கா ஓடவில்லை. ஒவ்வொரு துளியருகிலும் என்னை நிற்க வைத்து, அடுத்ததைக் கண்ட பிறகே "வாரும்" என்றார். ஓடைக்கு எட்டடி மேலே, ஒரு மரத்தின் வேரில் தலை சாய்ந்தபடி அது கிடந்தது. கண் திறந்திருந்தது. அக்கா ஒரு குச்சியால் விழியைத் தொட்டார். அசைவில்லை. வெடி பட்ட சில நொடிகளிலேயே அது இறந்திருக்க வேண்டும். அந்த நொடிகளுக்குள் இவ்வளவு தூரம் ஓடியிருந்தது.

அவர் முதலில் செய்தது நான் எதிர்பாராதது. மானின் பின்னங்காலை விலக்கி மடியைத் தொட்டு அழுத்திப் பார்த்தார். "வத்திக் கிடக்கு. பால் இல்லை" என்றார். அதன் பிறகுதான் மண்ணில் உட்கார்ந்தார். அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. ஓடை நீரை அள்ளி முகத்தில் அறைந்துகொண்டார், இரண்டு முறை.

அப்போது அந்தக் குழலோசை மிக அருகில் எழுந்தது. ஓடைக்கு அப்பால், நாற்பது அடி தூரத்தில், ஒரு இளங்கடமான். முன்னங்காலைத் தரையில் அறைந்தது, எங்களையும் கிடப்பதையும் பார்த்தது, மறுபடி அறைந்தது. ஓடவில்லை.

"இதின்ர குட்டியோ?"

"இருக்கலாம். போன வருஷத்துக் குட்டி. பால் மறந்த வயசு."

"தனிய நிண்டு பிழைக்குமோ?"

"பிழைக்கும்" என்றேன்.

உடனே சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் அந்த உயரக் கடமான்கள் தனியே மேய்வதைப் பார்த்திருக்கிறேன் என்பதுதான் என் ஆதாரம். இந்தக் குளிரும் காட்டு நாய்களும் எனக்குத் தெரியாதவை. ஆனால் களைத்துப்போன அந்த முகம் என்னிடமிருந்து ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது.

நாங்கள் தொடைகளையும் முதுகுச் சதையையும் பிரித்துப் பைகளில் கட்டி முடிக்கும் வரை அது அங்கேயே நின்றது. அக்காவின் கத்தி ஒருமுறைகூடத் தயங்கவில்லை. எழும்பும்போது இறந்த மானோடு என்னைப் படம் எடுக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தனக்கும் வேண்டாமென்று தொலைபேசியை உள்ளே வைத்தார். மூன்று கிலோமீட்டர், முதுகில் இருபது கிலோ. விழுந்த மரத்தைத் தாண்டும்போது இருவரும் நான்கு காலில் தவழ்ந்தோம்.

ஞாயிறு மதியம் ஜெயன் அண்ணா இறைச்சியை மிளகு போட்டுப் பிரட்டினார். நான் ஒரு துண்டு சாப்பிட்டேன். தண்ணீர்ப் பக்கம் கைகாட்டியவள் தட்டைத் தள்ளி வைப்பது பொய்யாகியிருக்கும்.

"அப்ப துவக்கை விக்கேல்லத்தானே?" என்றார் அவர், மனைவியின் தட்டில் இன்னொரு அகப்பை வைத்தபடி. "விளம்பரத்தை அழிச்சுப்போடட்டோ?"

"பொறுங்கோ. வாற சனி அந்த ஓடைக்குப் போகவேணும். துவக்கில்லாமல்."

"துவக்கில்லாமல் என்னத்துக்கு?"

"அந்தக் குட்டி நிக்குதோ எண்டு பாக்க."

ஜெயன் அண்ணா என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பிசைந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சி முடிந்து, பென்டில் ஹில்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். தண்டவாளப் பணியால் ரயில் ஓடவில்லை. மாற்றுப் பேருந்து ஒவ்வொரு நிலையத்தையும் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டு போனது. செவன் ஹில்ஸ் தாண்டும்போது அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. தெளிவில்லாதது. பன்னங்களுக்கு நடுவே பழுப்புப் பின்புறமும் ஒரு காதும். கீழே எழுதியிருந்தார்: "ஓடைக்குப் பக்கத்திலதான் நிண்டது. இதுதானே அது?"

படத்தைப் பெரிதாக்கினேன். உயரம் பொருந்தியது. நிறம் எல்லாக் கடமானுக்கும் அதுதான். 'ஆமா' என்று எழுதினால் அவர் இன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார். அந்த ஒரு சொல்லை எழுதி, விரலை அனுப்பும் குறியின் மீது வைத்துக்கொண்டு இரண்டு நிறுத்தங்கள் கடந்தேன். பிறகு அழித்தேன்.

"தெரியலை அக்கா. அன்னைக்குப் பிழைக்கும்னு சொன்னதும் தெரிஞ்சு சொன்னதில்லை."

நான் இறங்கி, தமிழ்க்கடை வாசலில் மற்றவர்களோடு மழைக்கு ஒதுங்கி நின்றபோது தொலைபேசி அதிர்ந்தது.

"சரி. அப்ப வாற சனியும் போறன். அதுவரைக்கும் துவக்கு பெட்டிக்குள்ள கிடக்கட்டும்."